நீதானா என்று கேட்காதீர்கள்

என் பெயர் குச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வயது பதினேழு. வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா வீட்டுப் பின்பக்கப் படிக்கட்டில், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சித்தப்பா உள்ளே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொண்டே வருகிறது. நம் வீட்டுப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை, அதனால் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். கீழ் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

இதைக் குடும்பக் குரூப்பில் போடப் போகிறேன். அக்காவைக் கட்டிய அத்தான் இப்போதுதான் குரூப்பில் சேர்ந்திருக்கிறார். "பையனுக்கு அங்க போய் என்னமோ ஆயிடுச்சாம்" என்பதைத் தவிர என்னைப் பற்றி அவர் வேறு எதுவும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அத்தான், உங்களுக்காகவும் முதலிலிருந்தே சொல்கிறேன். அப்பா நாளைக்கு எனக்கு டிக்கெட் போடப் போகிறார். அதற்குள் எல்லோரும் இதைப் படித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் போனதாக நீங்கள் நினைத்துவிட்டீர்கள். அது அப்படி இல்லை. எப்படி என்று எனக்கே முழுசாகப் புரியவில்லை, ஆனால் அப்படி இல்லை.

காலையில் எனக்கு வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் லாண்டரியில் வேலை. ஹோட்டல்களிலிருந்து வருகிற பெட்ஷீட்டுகளைத் துவைத்து, ஈரம் போவதற்கு முன்பே பெரிய சூட்டு உருளைகளுக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் பெட்ஷீட் அப்பளம் மாதிரி விறைப்பாக வெளியே வரும். இரண்டு முனையை நான் பிடிப்பேன், இரண்டு முனையை இன்னொருவர் பிடிப்பார். நடந்து போய் அவர் கையில் என் முனைகளைக் கொடுப்பேன், குனிந்து மடிப்பைப் பிடிப்பேன், பின்னால் போவேன், மறுபடி நடப்பேன். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. மனசுக்குள் அவருக்கு மறுமுனைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாரோ தெரியாது. என் உயரத்துக்குக் கையைத் தூக்கிக் காட்டித்தான் கூப்பிடுவார்.

பரீட்சை நெருங்கிய சமயம் அது. தூக்கம் சரியில்லை. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். வேலைக்குப் போனால் கண் எரியும். ஒரு நாள் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்காரரைப் பார்த்து நடந்து போகிறேன், பாதி வழியில், பிடித்திருந்த கை என்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிட்டது. மரத்துப் போகவில்லை, வலிக்கவில்லை, சூடு தெரிந்தது. ஆனால் அந்தச் சூடு வேறு யாருக்கோ தெரிகிற மாதிரி இருந்தது. சத்தமெல்லாம் பக்கத்து அறையிலிருந்து வந்தது. மயக்கம் போட்டு விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். நான் விழவில்லை. அந்தக் கை பாட்டுக்கு முனையைக் கொடுத்தது, குனிந்தது, மடித்தது. ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நான் பின்னாலிருந்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். முகம் தெரிந்த முகம்தான். ஆனால் தினமும் ஒரே பஸ்ஸில் வருகிற ஆளை நமக்குத் தெரியுமே, அந்த மாதிரித் தெரிந்த முகம்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் செய்த காரியம், என் விரல்களை இழுத்து மோந்து பார்த்ததுதான்.

"எதையாவது ஊதுனியா?"

"இல்ல சித்தப்பா."

"குடிச்சியா?"

"இல்ல சித்தப்பா."

"லவ்வு?"

"அதுக்கெல்லாம் எங்க நேரம்."

அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. எதையும் லிஃப்ட் கணக்கில் சொன்னால்தான் அவருக்கு ஏறும். "லைட்டு எரியுது, நம்பர் மாறுது, ஆனா உள்ள இருக்கிறவனுக்கு நகர்ற மாதிரியே தெரியல. அப்படியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "அதுக்கு மோட்டாரைத்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அதோடு அவருடைய பரிசோதனை முடிந்தது.

அப்புறம்தான் அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, சொன்னது சரிதான். தெரியவில்லை.

"அம்மா, நான் நானா இல்லாத மாதிரி இருக்கும்மா."

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவளுடைய ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் எனக்குத் தெரிந்தது. "என்னடா உளர்றே. நீ இல்லாம வேற யாரு? சொல்லு பார்ப்போம், உன் முட்டியில தழும்பு இருக்கே, அது எப்படி வந்துச்சு?"

"அக்கா சைக்கிள்ல இருந்து தள்ளிவிட்டது."

"நான் தள்ளல, அவனா விழுந்தான்" என்று அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"பார்த்தியா, நீதான்டா" என்றாள் அம்மா.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? சாயங்காலம் முழுக்க நான் நானாகவே இருந்தேன். அதுதான் வினை. மறுநாள் நானே அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, இன்னொண்ணு கேளேன்" என்றேன். அம்மா கேட்டாள், நான் சொன்னேன், நிம்மதி வந்தது. ஆனால் முந்தின நாள் வந்த அளவுக்கு வரவில்லை.

அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அத்தானுக்கு மட்டும் சொல்கிறேன். நம் வீட்டில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் பத்துப் பேர் தைலம் தேய்ப்பார்கள். போன் எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேட்கிற வீட்டில், முதல் கேள்வியே பரீட்சையாகிவிட்டது. அக்கா பழைய கதையெல்லாம் தோண்டித் தோண்டி எடுத்தாள். மாமா நான் பிறப்பதற்கு முன்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, "அட ஆமா, நீ அப்ப இல்லல்ல" என்று தலையைச் சொறிந்தார். சரியாகச் சொன்னால் கைதட்டினீர்கள். எனக்காகத்தான் தட்டினீர்கள், அது எனக்குத் தெரியும்.

ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று கேளுங்கள். கேள்வி வந்ததும் பதில் வந்துவிடும். வந்த பதில் மனப்பாடம் பண்ணின மாதிரி இருக்கும். ஒரு பையன் இருந்தான், அவனுக்குச் சைக்கிள் இருந்தது, அவன் விழுந்தான், அவனைப் பற்றி நான் நன்றாகப் படித்து வைத்திருக்கிறேன், முழு மார்க் வாங்குகிறேன். எத்தனைக்கெத்தனை சரியாகச் சொன்னேனோ அத்தனைக்கத்தனை அவன் யாரோ ஆகிக்கொண்டே போனான். வேலையிலும் நானே என்னைக் கேட்க ஆரம்பித்தேன். நடந்துகொண்டே கையைக் கிள்ளிப் பார்ப்பேன். துணி காயவைக்கிற டிரையர்களின் கண்ணாடிக் கதவு ஒவ்வொன்றிலும் முகத்தைப் பார்ப்பேன். என் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது வெறும் சத்தமாகிவிடும் இல்லையா, என் பெயரும் அப்படி ஆகிவிட்டது.

வகுப்பு டீச்சர்தான் கண்டுபிடித்தார். டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் ரத்தம் எடுத்தார், வலிப்பு வருமா என்று கேட்டார், போதைப் பழக்கம் உண்டா என்று கேட்டார், கண்ணில் டார்ச் அடித்தார். உடம்பில் ஒன்றும் இல்லை என்று கவுன்சிலரிடம் அனுப்பினார். இதை நான் சொன்னபோது அம்மா, "கவுன்சிலரா? அவரு எதுக்குடா, ரோடு போடறதுக்கா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கும். அந்தக் கவுன்சிலர் இல்லை. மனசு சரியில்லாத பிள்ளைகளிடம் பேசுகிறவர். குட்டையான முடி, பெரிய பை, எப்போதும் சளி.

அவருக்கு நம் பாஷை தெரியாது. அவர் பாஷையில் கடை கண்ணிக்குப் போய்வர எனக்குத் தெரியும், இதைச் சொல்லத் தெரியாது. அதனால் மேசை நடுவில் ஒரு போன் வைத்திருப்பார்கள். அதில் மொழிபெயர்க்கிற அக்கா ஒருவர் பேசுவார், எங்கிருந்து என்று தெரியாது. முதல் நாளே அவர் ஒரு விதி சொன்னார்.

"தம்பி, அவங்க பேசறதை நான் 'நான்'னே சொல்லுவேன். நீங்க பேசறதையும் அவங்ககிட்ட 'நான்'னே சொல்லுவேன். எங்க வேலையில அப்படித்தான். குழம்பிடாதீங்க."

"அக்கா, என் பிரச்சினையே அதுதான்."

அவர் அதையும் மொழிபெயர்த்துவிட்டார். கவுன்சிலர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்தார்.

அந்த அறையில் நான் சொன்னதெல்லாம் ஒரு பெண் குரலில் "நான் நான்" என்று போய்க்கொண்டிருந்தது. கவுன்சிலர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் ஏனோ இல்லை. என் கஷ்டத்தைக் கொஞ்ச நேரம் வேறு யாரோ தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. சாகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டார்கள். இல்லை, பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றேன்.

"நிஜமாவே வேற ஆளா மாறிட்டேன்னு நம்புறியா?" போனில் அக்காவின் குரல், கேட்டது கவுன்சிலர்.

"இல்ல. மாறிட்ட மாதிரி இருக்கு."

"நீ இதுவரைக்கும் சொன்ன எல்லாத்துலயும் 'மாதிரி' இருக்கு. அப்படி இல்லைன்னு உனக்கே தெரியுது. இது பைத்தியம் இல்ல. இதுக்குன்னு பெயர் இருக்கு. தன்னை விட்டுத் தானே விலகி நிக்கிற உணர்வு. உன் வயசுப் பிள்ளைங்க நிறையப் பேருக்கு வந்துட்டுப் போகும். தூக்கம் இல்லாம, பயத்துலயே ரொம்ப நாள் இருந்தா, மூளை எல்லாத்தோட சத்தத்தையும் குறைச்சு வச்சிடும். சிலருக்குத் தானா போயிடும். சிலருக்குப் போகாம ஒட்டிக்கும். ஏன் ஒட்டிக்குதுன்னு காட்டட்டுமா?"

கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். அதையே பார்க்க வேண்டும், வேறெங்கும் பார்க்கக் கூடாது, இது என் கைதானா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு வியர்த்துவிட்டது. அவரும் தன் கையை எடுத்து என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். என் கை கொஞ்சம் கொஞ்சமாக அந்த மேசையின் சாமானாக ஆனது. அப்புறம் கவுன்சிலர் ஏதோ சொன்னார். போனிலிருந்து சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க" என்றது போன். "தம்பி, இப்பப் பேசறது நான். நான்னா, மொழிபெயர்க்கிறவ. நானும் இங்க என் கையைப் பார்த்துட்டு இருந்தேன். கடை பொம்மை கை மாதிரி ஆயிடுச்சுப்பா. வளையல் மட்டும்தான் என்னுது." பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "கவுன்சிலர் சொல்றாங்க, 'என் கையும் ரப்பர் மாதிரிதான் இருக்கு'" என்றார்.

மூன்று பேருக்கும் அப்படி ஆகிவிட்டது. இரண்டு பேருக்கு ஒரு நோயும் இல்லை. யார் பார்த்தாலும், விடாமல் பார்த்தால், சொந்தக் கையே அந்நியமாகிவிடும். நான் மாதக்கணக்கில் என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப நானேதான் இதைப் பண்ணிக்கிறேனா?" என்று கேட்டேன். இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது.

"வேணும்னு பண்ணல. புண்ணு ஆறிடுச்சான்னு தினமும் பொருக்கைப் பேர்த்துப் பார்ப்போமே, அப்படி. பார்க்கிறது தப்பு இல்ல. ஆனா பார்க்கப் பார்க்க ஆறாது."

இதைப் போக்குவதற்கென்று தனியாக ஒரு மாத்திரை இல்லை என்றார். வைத்தியம் என்று அவர் சொன்னதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நேரத்துக்குத் தூங்க வேண்டும். காபியைக் குறைக்க வேண்டும். அந்த உணர்வு வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டுக் கையில் இருக்கிற வேலையைச் செய்ய வேண்டும். என்னை நான் சோதிக்கிறதை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும், முதலில் கிள்ளுவது, பிறகு கண்ணாடி, பிறகு பெயர். அது போகும்வரை காத்திருந்து வாழக் கூடாது, அது கூட இருக்கும்போதே வாழ வேண்டும். வாரம் ஒரு தடவை வந்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். இவ்வளவும் எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மூக்கு அரிக்கும்போது சொறியாமல் இருந்து பாருங்கள்.

போன வாரம் அவர் கேட்டார், "உன்னைத் தவிர உன்னை வேற யாராவது சோதிக்கிறாங்களா?"

"எங்க அம்மா" என்றேன். அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

"பதில் சொன்ன பிறகு எப்படி இருக்கும்?"

"கொஞ்ச நேரம் நல்லா இருக்கும். அப்புறம் முன்னைவிட மோசமா இருக்கும்."

"அடுத்த தடவை, முன்னாடியே விளக்கிச் சொல்லிட்டு, பதில் சொல்லாம இருந்து பாரு."

இதில் முதல் பாதியை நான் விட்டுவிட்டேன். எப்படிச் சொல்வது? அம்மா, நீ பாசமாகக் கேட்கிறது எனக்கு ஆகவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் எல்லோரும் திரைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தீர்கள். அப்பாவின் தோள் மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

"சின்னதுல நீ அலமாரிக்குள்ள ஒளிஞ்சு தூங்கிட்டியே, உன்னை யாரு கண்டுபிடிச்சா?"

"அம்மா, வேற ஏதாவது பேசலாம்மா."

"இதைச் சொல்லிட்டுப் பேசு."

"வேணாம்மா."

"தெரியலையா? டேய், என்னைப் பாரு. தெரியலையா?"

எனக்குத் தெரியும். கண்டுபிடித்தவர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூடத் தெரியும். வாயைத் திறந்தால் போதும், எல்லோரும் கைதட்டுவீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்த முகத்தை நீங்கள் எப்படிப் பார்த்தீர்களோ. அம்மா, "இவனுக்கு எல்லாமே போயிடுச்சு, என் புள்ளை போயிட்டான்" என்று அழ ஆரம்பித்தாள். போனில் எப்போதும் "ம்" என்று மட்டும் சொல்கிற அப்பா, "அழாத. திங்கக்கிழமை டிக்கெட் போடறேன். வந்து கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்றார். யாருடைய விரலோ பட்டு கால் கட் ஆனது. நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பதிலைச் சொல்லிவிடுவேன். இங்கேயும் சொல்லப் போவதில்லை.

பக்கத்தில் இருந்த சித்தப்பா, "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா" என்றார்.

"சொன்னா நாளைக்கு இன்னொண்ணு கேப்பாங்க சித்தப்பா."

"கேட்டா என்ன, பெத்தவங்கதானே?"

அவர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது.

நேற்று வேலையில் எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட்டுகள் நிறைய வந்தன. அதை ஒழுங்காக மடிக்க எங்கள் லாண்டரியில் யாராலும் முடியாது. நானும் மறுமுனைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். எலாஸ்டிக் சுருங்கி அவர் தலையில் போய் மாட்டிக்கொண்டது. பெரிய தொப்பி போட்ட குழந்தை மாதிரி நின்றார். எடுக்கப் போன என் காலில் மறுபக்கம் சிக்கி அவர்மேல் விழுந்தேன். இரண்டு பேரும் தரையில், துணிக்குள். அவர் தன் பாஷையில் என்னைத் திட்டுகிறார், நான் என் பாஷையில் அவரைத் திட்டுகிறேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. எழுந்து அடுத்த பெட்ஷீட்டை எடுத்தபோதுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் என்னை நான் பார்க்கவே இல்லை. அப்படி நினைத்த அந்த நொடியே மறுபடி பின்னால் போய் நின்று என்னை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சிரித்தது நான்தானா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பாதி கேட்டுவிட்டேன், மீதியை நிறுத்திக்கொண்டேன்.

இது குணமாவதற்கு அறிகுறியா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் தேறிவிட்டேன் என்று சொல்லவில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற குரலே யாரோ வானொலியில் பேசுகிற மாதிரித்தான் இருக்கிறது. சில சமயம், கிளம்பி வந்து அம்மா பக்கத்தில் சுருண்டு படுத்துவிடலாம் என்றுகூட இருக்கிறது. ஆனால் இப்போது வந்தால் காலையில் எழுந்ததிலிருந்து ஆள் மாற்றி ஆள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் அதிலிருந்து மீள மாட்டேன். இங்கே இப்போதுதான் ஒரு வழி தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதைப் பாதியில் விட எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை முதலில் படிக்கிறவர் யாராக இருந்தாலும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அப்பா, நாளைக்கு டிக்கெட் போடாதீர்கள். புதன்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அம்மாவுக்கு ஒரு கால் வரும். மொழிபெயர்க்கிற அக்கா பேசுவார், கவுன்சிலரும் நானும் கூட இருப்போம். அதை எடுங்கள். உங்களுக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கவுன்சிலரிடம் கேளுங்கள். என்னிடம் எதையும் சோதித்துக் கேட்காதீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்காதீர்கள். என்னைத் திட்டுங்கள், அக்காவும் அத்தானும் போட்ட சண்டையைச் சொல்லுங்கள், வீட்டில் என்ன உடைந்தது, யார் வந்து போனார்கள் என்று சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.